பல்டி அடிக்கும் முன்னாடி விழக் கத்துக்கணும்!



'பல்டி'ன்னு சொன்னதும் தேர்தல் நேரத்து அந்தர் பல்டிதான் உங்க ஞாபகத்துக்கு வரும். அந்தக் கதை இன்னொரு நாளைக்கு. இன்னைக்கு நிஜமான பல்டியைப் பற்றிப் பேசுவோம்.

நம்ம போனுக்கு அடிக்கடி ஒரு வீடியோ வரும். ஏழெட்டு வயசுப் பிள்ளை, மொட்டை மாடியிலோ தெருவிலோ ஓடிவந்து பின்பக்கமா ஒரு பல்டி அடிக்கும். கீழே வெறும் சிமெண்ட் தரை. "வருங்கால ஒலிம்பிக் தங்கம்! அரசு கண்டுகொள்ளுமா?" என்று மேலே எழுதியிருக்கும். நாமும் பெருமையா ஷேர் பண்ணிடுறோம். அந்தப் பிள்ளையோட திறமையில் நமக்குச் சந்தேகமே இல்லை. ஆனா, அந்தப் பிள்ளையோட கழுத்துக்கு யார் பொறுப்புன்னு நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

ஜிம்னாஸ்டிக்ஸ் ஒரு ஏணி. முறையான பயிற்சிக்கூடத்தில் எந்தப் பிள்ளைக்கும் முதல் நாளே பல்டி சொல்லித்தர மாட்டாங்க. குதிச்சுக் கீழே வரும்போது முழங்காலை லேசா மடக்கி, ரெண்டு காலையும் சேர்த்து ஊன்றி, ஆடாமல் நிற்பதுதான் முதல் பாடம். தடுமாறினால் கையை நீட்டி ஊன்றிவிடாமல் உருண்டு விழுவதும் அதே பாடத்தில் வரும். அதாவது, முதலில் விழக் கத்துக்கணும்.

அதற்குப் பிறகு முன்பக்கம் உருளுதல், பின்பக்கம் உருளுதல். சுவரில் காலைச் சாய்த்துத் தலைகீழாக நிற்பது, பிறகு சுவர் இல்லாமல் நிற்பது. முதுகை வில்லாக வளைக்கும் 'பிரிட்ஜ்'. வண்டிச் சக்கரம் மாதிரி சுழலும் 'கார்ட்வீல்'. அதையே ரெண்டு காலையும் சேர்த்து இறங்கும்படி செய்தால் 'ரவுண்ட் ஆஃப்'. அதைத் தாண்டினால் கையை ஊன்றிப் பின்பக்கம் பாயும் 'பேக் ஹேண்ட்ஸ்பிரிங்'. அதையும் முதலில் சரிவான மெத்தையில், பயிற்சியாளர் முதுகைத் தாங்கிப் பிடிக்கத்தான் செய்யணும். கை தரையில் படாமல் அடிக்கும் பல்டி இதுக்கெல்லாம் மேலே இருக்கும் படி. மொட்டை மாடி வீடியோவில் நாம பார்ப்பது அந்தப் படியை மட்டும்தான்.

எதுக்கு இவ்வளவு நிதானம்னு கேட்கலாம். தலைகீழா நிற்கும்போது தோளும் வயிறும் காலும் ஒரே கோட்டில் நிற்கணும். அது கைவராத பிள்ளை, அதே குறையைப் பார், பீம், வால்ட் எல்லாத்துக்கும் தூக்கிட்டுப் போகும். அதோட, வளரும் பிள்ளைகளின் எலும்பு முனையில் இன்னும் கெட்டிப்படாத வளர்ச்சிப் பகுதி இருக்கு. உடம்பு தயாராகும் முன்பே திரும்பத் திரும்ப எடையை ஏற்றினால் அங்கேதான் அடிபடும். இந்த விளையாட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு மணிக்கட்டு வலி அடிக்கடி வருவது அதனால்தான்.

அமெரிக்காவில் இந்த ஏணியை 10 நிலைகளாகவே பிரித்து வச்சிருக்காங்க. தொடக்கப் போட்டி நிலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அசைவுகளைத்தான் செய்யணும். 6ஆம் நிலையில் இருந்துதான் சொந்தமாகக் கோத்த அசைவுகள். அங்கேயும் எவ்வளவு கடினமானதைச் செய்யலாம் என்பதற்கு வரம்பு உண்டு. மேலே போக வயதும் பார்ப்பாங்க, மதிப்பெண்ணும் பார்ப்பாங்க. 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் நாடியா கோமனெச்சி முழுசா 10 மதிப்பெண் வாங்கி உலகத்தையே வாய்பிளக்க வைத்தபோது அவருக்கு வயது 14. இன்றைக்கு 14 வயதுப் பெண்ணால் ஒலிம்பிக்கில் இறங்கவே முடியாது. 1997 முதல் பெண்களுக்கான குறைந்தபட்ச வயது 16. பிள்ளைகளின் உடம்பு கொடுத்த விலையைப் பார்த்த பிறகு வந்த கட்டுப்பாடு இது.

அந்த விலை என்னன்னு தெரியணும்னா எலேனா முகினாவின் கதையைக் கேளுங்க. 1978 உலக சாம்பியன், சோவியத் வீராங்கனை. 1979இல் கால் எலும்பு முறிந்தது. மாஸ்கோ ஒலிம்பிக் நெருங்குது, பதக்கம் வேணும். முழுசா ஆறாத காலோடு அவரைப் பயிற்சிக்கு இழுத்தாங்க. ஆண்கள் மட்டுமே செய்துவந்த ஆபத்தான ஒரு பல்டியைச் செய்யச் சொன்னாங்க. 1980 ஜூலை 3, ஒலிம்பிக் தொடங்க ரெண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்த நேரத்தில், மின்ஸ்க் நகரப் பயிற்சியில் அந்தப் பல்டி முழுசா சுழலலை. தாடை தரையில் மோதி, கழுத்து முறிந்தது. அப்போது அவருக்கு வயது 20. கழுத்துக்குக் கீழே உடம்பு அசையாமலே 26 வருஷம் வாழ்ந்து, 2006இல் இறந்தார். உலக சாம்பியனையே ஏணியின் படியைத் தாண்டச் சொன்னதன் விளைவு இது.

இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம். திரிபுராவின் அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகர் ஆறு வயசில் பயிற்சிக்குப் போனார். தட்டையான பாதம். குதித்து இறங்கும் விளையாட்டுக்கு அது பெரிய குறை. பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தி முதலில் அந்தப் பாதத்தைச் சரிசெய்யத்தான் உழைத்தார். ஊரில் நல்ல கருவி கிடையாது. பழைய ஸ்கூட்டர் உதிரிபாகங்களை வைத்து உண்டாக்கிய கருவியில்தான் தொடக்கப் பயிற்சி. அங்கிருந்து பல வருஷம் படிப்படியா ஏறி, உலகத்தில் ஒருசில பெண்களே செய்த 'புரொடுனோவா' வால்ட் வரைக்கும் வந்தார். 2016 ரியோ ஒலிம்பிக் வால்ட் இறுதிச் சுற்றில் 15.066 மதிப்பெண், நான்காவது இடம். வெண்கலம் வாங்கியவருக்கு 15.216. வித்தியாசம் வெறும் 0.150.

அந்த 0.150 எங்கே போச்சு? ரெண்டு சுழல் சுழன்று இறங்கும்போது உடம்பு ரொம்பக் கீழே தாழ்ந்து போச்சு. வானத்தில் செய்த சாகசத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. தரை தொட்ட நொடியில்தான் மதிப்பெண் வெட்டுப்பட்டது. ஏணியின் முதல் படியான தரையிறங்குதல், கடைசிப் படியிலும் கூடவே வந்து கணக்கு கேட்குது. தீபாவைக் குறை சொல்லலை. நல்ல மெத்தையும் நல்ல கருவியும் ஆறு வயசிலேயே அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்னு யோசிக்கச் சொல்றோம்.

அரசியல் இங்கேதான் வருது தோழர்களே. பதக்கம் வந்தால் கோடி, பாராட்டு விழா, வழியெல்லாம் பேனர். அதெல்லாம் ஏணியின் உச்சியில் நிற்பவருக்கு. கொடுக்கட்டும், வேண்டாம்னு சொல்லலை. முதல் படியில் நிற்கும் ஆறு வயசுப் பிள்ளைக்கு என்ன இருக்கு? பணம் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு தனியார் பயிற்சிக்கூடத்தில் மெத்தை கிடைக்கும். கூலி வேலைக்குப் போறவர் பிள்ளைக்கு கடற்கரை மணலும் மொட்டை மாடியும்தான். திறமை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். கழுத்தும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

எனவே, இனி நாம எழுப்ப வேண்டிய கேள்விகளை மாத்துவோம். உங்க மாவட்ட விளையாட்டரங்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் கூடம் இருக்கா? தடித்த மெத்தை இருக்கா? பிள்ளைகளைக் கையால் தாங்கிப் பழக்கத் தெரிந்த, தகுதி பெற்ற பயிற்சியாளர் இருக்காரா? பெற்றோர் உட்கார்ந்து பார்க்க இடம் இருக்கா? கடைசிக் கேள்வி சாதாரணமானது இல்லை. பிரிட்டனில் 2022இல் வெளியான வைட் ஆய்வறிக்கைக்கு 400க்கும் மேற்பட்டோர் தங்கள் அனுபவங்களைச் சொன்னாங்க. திட்டு, பட்டினி, வலியோடு பயிற்சி என்று சின்னப் பிள்ளைகள் பட்ட பாடு அதில் வந்தது. மூடிய கதவுக்குப் பின்னாலதான் கொடுமை வளரும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "என் பிள்ளை எப்போ பல்டி அடிக்கும்?" என்று பயிற்சியாளரை அவசரப்படுத்தாதீங்க. "தலைகீழா எவ்வளவு நேரம் ஆடாம நிக்குது?" என்று கேளுங்க. ஒரே படியில் ஒரு வருஷம் நின்றால் பிள்ளை தோற்றுப் போச்சுன்னு அர்த்தம் இல்லை. வலிக்குதுன்னு சொன்னால் அதை நம்புங்க.

கிளைத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விளையாட்டு விழாவில் தார் ரோட்டில் பல்டி அடிக்கும் பிள்ளைக்குக் கைதட்டிப் பரிசு கொடுக்காதீங்க. அந்தக் காசில் நாலு மெத்தை வாங்கி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்க. அடுத்த தடவை அந்த வீடியோ வந்தால், ஷேர் பண்ணும் முன்னாடி பிள்ளையின் காலுக்குக் கீழே என்ன இருக்குன்னு ஒருமுறை பாருங்க. வெறும் தரைன்னா, "இந்தப் பிள்ளைக்கு மெத்தை எங்கே?" என்று எழுதி அனுப்புங்க.