ராவுகிற கைக்கு ஓடுதளம் எங்கே?

சோழவரத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலம் தொட்டு, பெரிய கம்பெனி அணிகளோடு மோதிப் பார்த்தவை சின்னக் குடும்பப் பட்டறைகள். அப்பா டியூன் செய்வார், மகன் ஓட்டுவான். 98 சிசி ஆர்எக்ஸ் 100 பைக்கின் ஒற்றை சிலிண்டரில் எக்ஸாஸ்ட் போர்ட்டை அரத்தால் துளி உயர்த்தினால் மேல்வேகம் கூடும், கீழ் இழுவை குறையும். கொஞ்சம் கூடுதலாக ராவிவிட்டால் சிலிண்டரே வீண். பூட்டு லீவரை மயிரிழை பிசகாமல் ராவும் திண்டுக்கல் கைகளுக்கு இது வசப்படாதா என்ன! ஆனால், செய்த வண்டியை ஓட்டிப் பார்க்கச் செட்டிபாளையம் பந்தயத்தளத்துக்கோ இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தளத்துக்கோ ஏற்றிப்போக வேண்டும். டயர் காசு வாடகைக்கே போய்விடும். அதனால் பையன்கள் நான்குவழிச் சாலையில் முறுக்குகிறார்கள். அதற்கு அபராதம் சரிதான். கூடவே தென்மாவட்டங்களுக்கென்று, ஆம்புலன்ஸோடு ஒரு சின்ன ஓடுதளம் அரசு அமைத்துத் தரவேண்டும். கார் பந்தயத்துக்கு 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளையே ஒதுக்க முடிந்ததே!