பழி திரைக்கு, நோய் உள்ளே

போன மே மாதம் என் மகளின் லேப்டாப் திரையில் கோடு விழ ஆரம்பித்தது. காலையில் திறந்தால் படம் பளிச்சென்று இருக்கும். அரை மணி நேரம் ஓடியதும் மேலிருந்து கீழாகப் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள், பிறகு ஒரே இருட்டு. உள்ளே ஃபேன் மட்டும் இரைந்துகொண்டிருக்கும். அணைத்து ஆற வைத்தால் மறுபடி படம் வரும்.

"டிஸ்ப்ளே போச்சு சார்" என்றார் பக்கத்துக் கடைக்காரர். சூடானால்தான் இப்படி ஆகிறது என்று இரண்டு முறை சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் புதுத் திரை மாட்டினோம். நான்காம் நாள் அதே கோடு.

பிறகு சென்னை ரிச்சி தெருவுக்கு எடுத்துப்போனேன். மாடியில் சின்னக் கடை. அங்கிருந்த பையன் ஒரு பழைய மானிட்டரை ஹெச்டிஎம்ஐ கேபிளில் இணைத்துவிட்டு, லேப்டாப்பில் வீடியோவை ஓடவிட்டுக் காத்திருந்தான். கோடு விழுந்தபோது இரண்டிலும் சேர்ந்தே விழுந்தது. "திரைக்கு வர்றதுக்கு முன்னாடியே படம் கெட்டுப்போகுது சார்" என்றான். மானிட்டரில் படம் நன்றாக இருந்திருந்தால் பழுது திரையிலோ அதற்குப் போகும் கேபிளிலோ இருந்திருக்கும். மூடியை அசைக்கும்போது படம் வந்து வந்து போனால் பெரும்பாலும் கீல் பக்கத்துக் கேபிள். இருண்ட திரையில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் மங்கலாகப் படம் தெரிகிறதா, பின்விளக்கு மட்டும்தான் போயிருக்கிறது.

அடிமூடியைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளித் துண்டுபோலப் படிந்திருந்தது. கிராபிக்ஸ் சிப்பின் மேலிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருந்தது. மகள் மெத்தைமேல் வைத்துத்தான் வேலை செய்வாள். காற்று உள்ளே போகும் துளைகளை மெத்தையே அடைத்துவிடும். சென்னை வெயிலும் சேர்ந்துகொண்டது.

சூடாகி ஆறுவதே சிப்புக்கு எமனாகும். சூட்டில் ஒவ்வொரு பொருளும் ஒவ்வோர் அளவில் விரியும். அந்த இழுபறியில் சிப்பைத் தாங்கும் ஈயப்பற்று மணிகள் நாளடைவில் விரிசல் விடும். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனமே தன் லேப்டாப் கிராபிக்ஸ் சிப்புகள் சிலவற்றில் உள்பொருள் பலவீனமாக இருப்பதை ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது. அந்த அக்டோபரில் ஆப்பிள், பாதிக்கப்பட்ட மேக்புக் புரோக்களை இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தது.

எங்கள் மணிகள் இன்னும் உடையவில்லை. தூசி தட்டி, புது பேஸ்ட் பூசியதும் கோடு நின்றது. கூலி எண்ணூறு ரூபாய். உடைந்த பிறகு ஹீட் கன்னால் சிப்பைச் சூடாக்கி "ரெடி" என்று கொடுப்பவர்கள் உண்டு. அது சில வாரமோ சில மாதமோதான் ஓடும். அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

பழகிய திரையைக் கழற்றச் சொல்வதற்கு முன், கோடு விழும் அந்த நேரத்திலேயே வீட்டு டிவியில் இணைத்துப் பாருங்கள். ஆறின பிறகு பார்த்துப் பயனில்லை.