பெயர் வைக்குமுன் போன பிள்ளைகள்

பிள்ளை பிறந்தால் முப்பத்தொராம் நாள் துடக்குக் கழித்து, பெயர் வைத்து, கோயிலுக்குக் கொண்டுவந்து அர்ச்சனை செய்விப்பது வழமை. பெரியவர் ஒருவர் காலமானால் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம், கல்வெட்டு, பின்னர் ஆண்டுதோறும் திவசம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பிறந்து நாலாம் நாளிலோ பத்தாம் நாளிலோ போய்விடும் பிள்ளைக்கு இவற்றுள் எதுவுமில்லை. அடக்கம் செய்வதோடு சரி. பச்சிளங் குழந்தைக்கு அந்தியேட்டி வேண்டியதில்லை என்று முன்னோர் விட்டுவிட்டார்கள். பிள்ளையின் ஆன்மாவைப் பொறுத்தவரை அது சரியே. பெற்றவர்கள் அந்தத் துக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதற்குத்தான் வழி இல்லாமற் போயிற்று.

ஊரிலென்றால் தாய், மாமி, அயலட்டைப் பெண்கள் என்று வீடு நிறைந்திருக்கும். மார்க்கத்தில் கணவன் அடுத்த கிழமையே வேலைக்குப் போக, தொட்டில் பூட்டி வைத்த அறையோடு மனைவி தனித்திருக்கிறாள். விசாரிக்க வருபவர்கள், “மறந்துவிடு பிள்ளை, இன்னொன்று பிறக்கும்” என்கிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சுமந்தவளுக்கு அதைவிடக் கொடிய சொல் வேறில்லை.

பிரித்தானியாவில் நிதியமைச்சராயிருந்து பின்னர் பிரதமரான கோர்டன் பிரவுண் அவர்களுக்கும் சேரா அம்மையாருக்கும் 2001 டிசெம்பர் 28இல் ஏழு கிழமை முந்திப் பிறந்த மகள் ஜெனிபர். நிறை ஒரு கிலோ அளவே. மூளையில் இரத்தம் கசிந்து, 2002 ஜனவரி 7இல் எடின்பரோ வைத்தியசாலையில் அந்தப் பிள்ளை இறந்தது. நாட்டின் திறைசேரியையே கையில் வைத்திருந்தவராலும் அதைத் தடுக்க முடியவில்லை. பெற்றோர் இருவரும் மகள் பெயரில் நிதி திரட்டினர். 2004இல் எடின்பரோவில் ஜெனிபர் பிரவுண் ஆய்வுகூடம் திறக்கப்பட்டது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வும் அங்கே நடைபெறுகிறது. பத்து நாள் வாழ்ந்த பிள்ளையின் பெயர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மற்றப் பிள்ளைகளுக்கு உதவிக்கொண்டிருக்கிறது.

பணத்தால் என்ன ஆகும் என்பார் உளர். 1963 ஓகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கெனடியின் மகன் பற்றிக், ஐந்தரைக் கிழமை முந்தி, ஏறக்குறைய 2.1 கிலோ நிறையோடு பிறந்து, இரண்டு நாள்கூட நிறையாமல் மூச்சுத்திணறி இறந்தான். முற்றாத நுரையீரலின் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமற் காக்கும் வழுவழுப்பான பொருள் அவனிடம் போதியளவு இருக்கவில்லை. அதற்கு அன்று மருந்தில்லை. 1980இல் ஜப்பானிய வைத்தியர் பூஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த அப்பொருளைச் சிசுக்களின் மூச்சுக்குழாயில் ஊற்றிக் காப்பாற்றிக் காட்டினார். இந்த ஒன்ராறியோவிலேயே லண்டன் நகரப் பல்கலைக்கழகத்தில் அதே வகை மருந்தொன்று உருவாக்கப்பட்டது. பற்றிக்கின் நிறையில் இன்று பிறக்கும் பிள்ளை பெரும்பாலும் தாயோடு வீடு திரும்பும்.

“வரி கட்டுகிறோம், சுகாதாரக் காப்புறுதி இருக்கிறது, வைத்தியசாலைக்கு நன்கொடை எதற்கு?” என்பது சங்கக் கூட்டங்களில் எழக்கூடிய கேள்வி. நியாயமான கேள்விதான். வைத்தியரின் கட்டணமும் படுக்கைச் செலவும் காப்புறுதியில் அடங்கும். கட்டடம் விரிவாக்கும்போது மாகாண அரசு, தான் ஏற்றுக்கொள்ளும் நிர்மாணச் செலவில் 90 சதவீதம் வரை தரும். மிச்சத்தையும் உபகரணங்களையும் அந்தந்த ஊர் மக்களே பார்த்துக்கொள்ள வேண்டும். சிசுவைச் சூட்டோடு வைத்திருக்கும் பெட்டி, மூச்சு விட உதவும் இயந்திரம், மஞ்சட்காமாலைக்கு நீல வெளிச்சம் எல்லாம் பெரும்பாலும் ஊரவர் கொடுத்த டொலரில் வந்தவை. நைன்த் லைன் ஓரத்தில் 1990இல் திறந்த மார்க்கம் ஸ்டவ்வில் வைத்தியசாலைக்கும் இதே விதிதான். 2021 முதல் அது ஓக் வலி ஹெல்த் என்ற நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. அங்கத்தவர் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அங்கேதான் பிறக்கிறார்கள். மிகமிக முந்திப் பிறப்பவை ரொறன்ரோவின் மவுண்ட் சைனாய், சனிபுறூக், சிக்கிட்ஸ் ஆகிய பெரிய வைத்தியசாலைகளுக்குக் கொண்டு செல்லப்படும்.

ஊரிலே வைத்தியசாலைகள் எத்தனையோ குறைகளோடு இருக்க, வசதியுள்ள நாட்டுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்ற வாதமும் உண்டு. அதை ஒதுக்க முடியாது. ஆனால் அந்த வாதத்தைச் சொல்லிவிட்டு இரண்டுக்கும் கொடாமலிருப்பவர்களே அதிகம். மகனை வன்னிக்காகக் கொடுக்கச் சொல்லித் தாய் கேட்டால் அங்கே அனுப்பட்டும், இங்கே என்றால் இங்கே கொடுக்கட்டும். கணக்குத் தெளிவாக இருந்தாற் போதும்.

கோயில் திருவிழாவில் இன்ன நாள் இன்னார் உபயம் என்ற முறை எல்லாருக்கும் பழகியது. பிள்ளையை இழந்த குடும்பம் அப்பிள்ளை பிறந்த நாளை உபய நாளாக எடுத்து, அன்றைய காணிக்கையைச் சிசுப் பராமரிப்பு விடுதிக்கு அனுப்பச் சங்கம் வழி செய்யலாம். திதி இல்லாத பிள்ளைக்கு ஒரு நாள் கிடைக்கும். மண்டபம் பிடித்து, சினிமாப் பாட்டு வைத்து, சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சியதைக் கொடுக்கும் இராப்போசன விருந்து இதற்குப் பொருந்தாது. அவ்விருந்தில் அந்தத் தாயை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவது அதைவிடப் பொருந்தாது.

நிருவாக சபையார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எவரையும் தேடிப்போய்க் கேட்கக் கூடாது. சிலர் ஆறு மாதத்தில் வருவார்கள், சிலர் பதினைந்து வருடத்தின் பின் வருவார்கள், சிலர் வரவே மாட்டார்கள். சுவரில் பெயர் பொறிக்க விரும்புவோரும் உண்டு, எவருக்கும் தெரியக்கூடாது என்போரும் உண்டு. பேச ஆள் தேடுவோருக்குச் சனிபுறூக் வைத்தியசாலையைச் சார்ந்து இயங்கும் கர்ப்ப, சிசு இழப்பு உதவி அமைப்பின் பெயரையாவது காரியாலயத்தில் வைத்திருக்கலாம். ஒன்ராறியோ சட்டசபை இவ்விழப்புக்கென 2015இல் ஒரு சட்டமே நிறைவேற்றியது. ஒக்டோபர் 15 அதற்குரிய நினைவு நாள்.

உபயப் பதிவேட்டில் பெயருக்கென ஓர் இடம் இருக்கும். பெயர் வைக்கப்படாத பிள்ளையென்றால் பிறந்த நட்சத்திரத்தை மட்டும் எழுதிக் கொடுத்தாற் போதும். குருக்கள் அதைச் சொல்லியே அர்ச்சனை செய்யலாம்.