ஊருக்குத்தான் உபதேசம்

1980 ஜனவரியில் அயர்லாந்துப் பிரதமர் சார்ள்ஸ் ஹோஹி தொலைக்காட்சியில் தோன்றி, நாடு வரவுக்கு மிஞ்சிச் செலவழிக்கின்றது என்று மக்களைக் கண்டித்தார். அக்காலத்தில் அவரே வங்கியொன்றுக்குப் பத்து இலட்சம் பவுணுக்கு மேல் கடன்பட்டிருந்தார். அதில் கணிசமான பகுதியை வங்கி விட்டுக்கொடுத்தது. ஒரு தவணை பிந்தினாலே எச்சரிக்கைக் கடிதம் பெறும் சாதாரண குடிமகனுக்கு இது அன்று தெரியாது.

1997இல் அமைக்கப்பட்ட மோரியார்ட்டி விசாரணை மன்றம், 1979 முதல் 1996 வரை அவர் 90 இலட்சம் பவுணுக்கு மேல் பெற்றதாகக் கண்டறிந்தது. தமது சகாவான பிரையன் லெனிஹனின் ஈரல் மாற்றுச் சிகிச்சைக்கெனத் திரட்டப்பட்ட நிதியிலும் அவர் கைவைத்தார் என்றது. அறிக்கை வெளிவந்தது 2006 டிசெம்பரில். அவ்வாண்டு ஜூனிலேயே அரச மரியாதையுடன் ஹோஹி அடக்கம் செய்யப்பட்டுவிட்டார்.

முதியோருக்கு இலவசப் பயணம் வழங்கிய நிதியமைச்சரும் அவரே. மக்கள் அந்த நன்றியை மறக்கவில்லை. அதில் தவறுமில்லை. ஆனால் அவருடைய மாளிகையும் குதிரைகளும் சொந்தத் தீவும் எவருடைய கண்ணுக்கும் மறைந்திருக்கவில்லை. அரசியல்வாதியின் சம்பளத்தில் இவை எவ்வாறு கைகூடின என்ற கேள்விதான் போதிய அளவு உரத்து எழவில்லை. நீண்டகாலம் செய்தி எழுதியவன் என்ற முறையில், இந்தக் குறையில் எமது தொழிலுக்கும் பங்குண்டு என்பேன்.

விசாரணை மன்றங்கள் அவசியமே. எனினும், மறைந்தபின் வெளிவரும் ஆயிரம் பக்க அறிக்கை, பதவியில் இருக்கும்போது ஒரு குடிமகன் கேட்கும் ஒற்றைக் கேள்விக்கு ஈடாகாது.