கருஞ்சீரகமும் மூத்தம்மாவின் குளிசைகளும்

எங்கள் மூத்தம்மாவுக்குச் சீனி வருத்தம். நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, கிளினிக்கில் தந்த குளிசைகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். அதற்குப் பதிலாகக் காலையும் மாலையும் ஒரு தேக்கரண்டி கருஞ்சீரக எண்ணெய். "றசூலுல்லாஹ் சொன்ன மருந்து இரிக்கக்கொள்ள இந்தக் குளிசை என்னத்துக்கு மகள்?" என்று கேட்டார். வீட்டில் யாருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு மாதத்தில் காலில் பட்ட சிறு காயம் ஆறாத புண்ணாகி, பதினொரு நாள் வைத்தியசாலையில் கிடந்தார். அல்ஹம்துலில்லாஹ், கால் தப்பியது.

நான் இக்கல்லூரியின் பழைய மாணவி. இப்போது ஏறாவூரிலிருந்து பஸ் ஏறி, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கிறேன். மூத்தம்மாவின் கேள்விக்கு மார்க்கத்திலும் படிப்பிலும் பதில் தேடினேன்.

கருஞ்சீரகத்தில் மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் நிவாரணம் உண்டு என்ற கருத்திலமைந்த நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆயிஷா (ரழி) அவர்கள் வழியாக வரும் அதே அறிவிப்பில் ஒரு நோயாளியின் கதையும் இருக்கிறது. அவரைப் பார்க்க வந்த இப்னு அபீ அதீக், ஐந்து அல்லது ஏழு விதைகளை அரைத்து, எண்ணெயில் கலந்து மூக்கில் சொட்டுகளாக விடச் சொல்கிறார். அங்கே அளவும் உண்டு, முறையும் உண்டு. 'எல்லா நோயும்' என்பது பொதுச் சொல்லானாலும் குறிப்பிட்ட வகை நோய்களையே கருதும் என்று இமாம் கத்தாபி போன்றோர் விளக்கியுள்ளார்கள். ஸஅத் (ரழி) நெஞ்சு நோயால் வருந்தியபோது, ஹாரிஸ் இப்னு கலதா என்ற வைத்தியரிடம் போகும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. வைத்தியரிடம் போவதும் சுன்னத்தின் வழிதான்.

கருஞ்சீரகம் வெளிர்நீலப் பூப்பூக்கும் சிறு செடி. அதன் விதை எண்ணெயிலுள்ள தைமோகுயினோன் என்ற பொருளைப் பற்றித்தான் இன்று அதிகம் ஆராய்கிறார்கள். இரத்தத்தில் சீனியையும் பிறஷரையும் இந்த எண்ணெய் ஓரளவு குறைப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அவற்றில் பலவற்றில் நோயாளர் தமது குளிசைகளையும் விடாமல் எடுத்தார்கள். குளிசைக்குத் துணையாகவே எண்ணெய் கொடுக்கப்பட்டது. இதை விற்பவர்கள் சொல்வதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சீனிக் குளிசையோடு இந்த எண்ணெயையும் கூடுதலாகக் குடித்தால் சீனி அளவுக்கு மிஞ்சிக் குறைந்து மயக்கம் வரலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், சத்திரசிகிச்சைக்குத் தயாராகிறவர்களும், பிள்ளைத்தாச்சிகளும் வைத்தியரைக் கேட்காமல் மருந்தளவில் இதைக் குடிக்கக் கூடாது. சமையலில் சேர்க்கும் கொஞ்ச விதை வேறு, நாளாந்தம் கரண்டி கரண்டியாகக் குடிக்கும் எண்ணெய் வேறு.

நபிமொழியைப் போத்தலில் ஒட்டி, புற்றுநோய் முதல் பிள்ளையில்லாக் குறை வரை தீரும் என்று விற்பது மார்க்கத்துக்குச் செய்யும் சேவையல்ல. நோயாளி ஏமாந்தால் அவரது நம்பிக்கையும் சேர்ந்தே காயப்படுகிறது.

பெற்றோரே, கருஞ்சீரகத்தை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. குளிசையை விடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். எண்ணெய் குடிப்பதைக் கிளினிக்கில் ஒளிக்காமல் சொல்லுங்கள். தங்கைகளே, வீட்டுக்கு வரும் போத்தலின் லேபிளை வாசித்துக் காட்டுவது உங்கள் வேலை. உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, வேறு எண்ணெய் கலந்திருக்கிறதா என்பதைப் பாருங்கள்.

மூத்தம்மா இப்போது குளிசை போடுகிறார். கறியில் கருஞ்சீரகமும் போடுகிறார். இரண்டுக்கும் முன்னால் பிஸ்மி சொல்கிறார்.