பொய்யால் தொடுத்த மாலை

எங்கள் பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் அண்மையில் பங்கு இல்லத்திற்கு வந்து, "சாமி, அமெரிக்கா பிறந்த கதையை ஏழே பகுதிகளில் பார்த்து முடித்துவிட்டேன், இனிப் புத்தகம் எதற்கு?" என்றார். அவர் பார்த்தது 'ஜான் ஆடம்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடர். அவர் தூண்டுதலால் நானும் அதை முழுமையாகப் பார்த்தேன். அவருடைய கேள்விக்கு எழுத்தில் விடை தருவது கடமை எனத் தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

தொடரின் சிறப்பை முதலில் சொல்லிவிடுவதே நேர்மை. டேவிட் மெக்கல்லோ எழுதிய வாழ்க்கை வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு, 2008-இல் ஹெச்.பி.ஓ. நிறுவனம் இதை ஒளிபரப்பியது. அமெரிக்க விடுதலைக்கு முன்னின்று உழைத்து, பின்னர் அந்நாட்டின் இரண்டாம் குடியரசுத் தலைவரான ஆடம்சை, முன்கோபமும் தற்பெருமையும் உள்ள மனிதராகவே பால் ஜியாமட்டி நம் முன் நிறுத்துகிறார். பெரியம்மைக்கு அஞ்சித் தம் பிள்ளைகளின் கையைக் கீறி, நோயாளியின் சீழை ஏற்ற இசையும் தாய் அபிகேலாக லாரா லின்னி நடித்திருப்பது கண்களைக் கலங்கச் செய்கிறது. 13 எம்மி விருதுகள் இதற்குக் கிடைத்ததில் வியப்பில்லை.

ஆனால், இவ்வளவு திறமையோடு சொல்லப்படுவதாலேயே இதில் கலந்துள்ள பொய் ஆபத்தானது. மூன்று சான்றுகளை மட்டும் வாசகர் முன் வைக்கிறேன்.

முதலாவது, பாஸ்டன் வழக்கு. 1770 மார்ச் 5 அன்று ஆங்கிலேயப் படைவீரர்கள் கூட்டத்தின்மீது சுட்டதில் ஐவர் மாண்டனர். ஊரே கொதித்தெழுந்த வேளையில், அவ்வீரர்களுக்காக வாதாட ஆடம்ஸ் முன்வந்தார். தொடரில் ஒரே வழக்கு. தளபதி பிரஸ்டனும் வீரர்களும் குற்றமற்றவர்கள் என விடுதலை பெறுகின்றனர். உண்மையில் நடந்தவை இரண்டு வழக்குகள். தளபதி முதலில் விடுதலையானார். பிறகு நடந்த வழக்கில் எட்டு வீரர்களில் அறுவர் விடுதலை பெற்றனர். இருவர் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டனர். முற்காலத்தில் குருக்களுக்கு உரியதாயிருந்து, பின்னர் பொதுமக்களுக்கும் நீட்டிக்கப்பட்ட ஒரு சட்டச் சலுகையால் அவ்விருவரும் தூக்கிலிருந்து தப்பினர். அவர்களுடைய கட்டைவிரலில் சூட்டுக்கோலால் குறியிடப்பட்டது.

இரண்டாவது, 1795-ஆம் ஆண்டின் ஜே உடன்படிக்கை. ஆட்சிமன்ற மேலவையில் வாக்குகள் சரிபாதியாகப் பிரிய, அவைத்தலைவரான ஆடம்ஸ் தமது ஒற்றை வாக்கால் உடன்படிக்கையைக் காப்பாற்றுவதாகத் தொடர் காட்டுகிறது. அது அன்று 20-க்கு 10 என்னும் கணக்கில் நிறைவேறியது. உடன்படிக்கைக்கு மூன்றில் இரு பங்கு வாக்குகள் வேண்டும் என்பது அந்நாட்டு அரசியல் சாசனம். சரிபாதி வந்திருந்தால் அது தோற்றிருக்கும். நடவாததை மட்டுமல்ல, நடக்கவே இயலாததைத் தொடர் காட்டுகிறது.

மூன்றாவது, கத்தோலிக்கராகிய நம்மை நேரடியாகத் தொடுவது. இறுதிப் பகுதியில், டிரம்புல் வரைந்த விடுதலைச் சாற்றுரை ஓவியத்தின் முன் நிற்கும் முதிய ஆடம்ஸ், அதில் உள்ளவர்களுள் தாமும் ஜெஃபர்சனுமே உயிரோடிருப்பதாகச் சொல்கிறார். ஆனால் அதே ஓவியத்தில் உள்ள மேரிலாந்தின் சார்லஸ் கேரல் அப்போது உயிரோடிருந்தார்! ஆடம்சும் ஜெஃபர்சனும் 1826 ஜூலை 4 அன்று மறைந்தபின் மேலும் ஆறாண்டு வாழ்ந்து, 1832-இல் தம் 95-ஆம் வயதில் இறந்தார். கையொப்பமிட்ட 56 பேரில் அவர் ஒருவரே கத்தோலிக்கர். கத்தோலிக்கர் என்பதற்காக வாக்குரிமையும் பதவியும் மறுக்கப்பட்ட மாநிலத்திலிருந்து வந்தவர். விடுதலைக்காகத் தம் உடைமை அனைத்தையும் பணயம் வைத்தவர் என்று 1776-இல் கடிதத்தில் அவரைப் போற்றியவர் யார் தெரியுமா? இதே ஆடம்ஸ்தான். போற்றிய வாயைக் கொண்டே மறக்கச் செய்திருக்கிறார்கள்.

"இது நாடகம், சாமி, சுருக்கத்தானே வேண்டும்?" என்று மாணவர் கேட்டார். இரு வழக்குகளை ஒன்றாக்குவது சுருக்கம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டவனைக் குற்றமற்றவன் ஆக்குவதும், உயிரோடிருப்பவரை இறந்தவராக்குவதும் சுருக்கமா?

இம்மூன்று பொய்களுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. நாயகனுக்குச் சூட்டிய ஒவ்வொரு மலரும் பிறர் தோட்டத்தில் பறிக்கப்பட்டது. கொதிக்கும் மக்கள் நடுவே ஆளுக்கு ஆள் குற்றத்தைப் பிரித்து எடைபோட்ட ஜூரிகளின் நேர்மை பறிக்கப்பட்டது. ஆடம்சின் வெற்றி முழுமையாயிற்று. இருபது உறுப்பினர்களின் முடிவு பறிக்கப்பட்டது. ஆடம்சின் ஒற்றை வாக்கு ஓங்கிற்று. கேரலின் ஆயுளே பறிக்கப்பட்டது. ஆடம்சின் தனிமை உருக்கமாயிற்று. பொய்ச்சாட்சி சொல்லாதே என்னும் எட்டாம் கட்டளையை மீறுகிறவன், களவு செய்யாதே என்னும் ஏழாம் கட்டளையையும் உடன் மீறுகிறான்.

அப்படியானால் கேரலை நாம் புனிதராக்கிவிடலாமா? கூடாது. அவர் நூற்றுக்கணக்கான அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தார். ஆடம்சோ ஓர் அடிமையையும் வைத்திருந்ததில்லை. நம்மவர் என்பதற்காக இதை மறைத்தால், நாமும் பறித்தவர்களாவோம். இம்முறை பறிபோவது அந்த அடிமைகளின் கண்ணீர்.

விவிலியம் நமக்குக் கற்பிக்கும் வழி வேறு. இஸ்ரயேலின் பேரரசர் தாவீது. ஆயினும் மத்தேயு இயேசுவின் மூதாதையர் பட்டியலை எழுதும்போது, சாலமோனின் தாயைப் பெயரிட்டுச் சொல்லாமல், உரியாவின் மனைவியாயிருந்தவர் என்றே குறிக்கிறார். மன்னன் வஞ்சித்துக் கொன்றவனின் பெயர், மெசியாவின் வழிமரபிலேயே அழியாமல் நிற்கிறது. நற்செய்தியாளர் மகிமைக்கு அஞ்சி உண்மையை மறைக்கவில்லை.

ஆடம்சும் இதை அறிந்திருந்தார். புனைவுகளால் பின்வரும் தலைமுறையை ஏமாற்றலாகாது என்று 1817-இல் அந்த ஓவியருக்கே அவர் எழுதினார். ஓவியத்தின் வரலாற்றுப் பிழையை அவர் கண்டிப்பதாகத் தொடரும் காட்டுகிறது. காட்டும் அதே காட்சியில்தான் கேரலை இறந்தவராக்குகிறது.

எனவே மாணவருக்கு என் விடை இதுதான்: தம்பி, தொடரைப் பார், மகிழ்ந்து பார். பார்த்து முடித்த இரவே புத்தகத்தையும் திற. நாயகன் மாலையோடு நிற்கும் இடத்தில், அந்த மலர்களை இழந்து நிற்பவர் யார் என்று தேடு.