இறக்கத்தில் மாறித் திரும்பும் லாண்ட்மாஸ்டர்

யாழ்ப்பாணம் இணுவில் பக்கம் தோட்டம் என்றால் புகையிலையும் வெங்காயமும் விளையும் செம்மண் நிலம். நமக்குத் தோட்டம் என்றால் மலை. இரண்டிலும் ஓடுவது அதே இருசில்லு லாண்ட்மாஸ்டர்தான்.

சமதரையில் இடது கிளச்சைப் பிடித்தால் இடது சில்லுக்கு இழுவை நின்றுவிடும். வலது சில்லு தள்ள, வண்டி இடப்பக்கம் திரும்பும். இணுவில் பொடியன்மார் இதைச் சீக்கிரமே பழகிவிடுவார்கள். மலை இறக்கத்தில் கதை வேறு. கொழுந்து ஏற்றிய பெட்டி பின்னாலிருந்து தள்ளும். இன்ஜின்தான் வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். அப்போது இடது கிளச்சைப் பிடித்தால் இடது சில்லு விடுபட்டு உருளும், வலது சில்லு இன்ஜினின் பிடியில் இருக்கும். வண்டி வலப்பக்கம் பாயும். பள்ளம் அந்தப் பக்கம் இருந்தால்?

பழைய சாரதிகளுக்கு இது தெரியும். இறங்குமுன்பே சின்ன கியர் போடுவார்கள். கிளச்சைத் தொடாமல் கைபிடியைத் தள்ளியே திருப்புவார்கள். பெட்டியின் பிரேக்கில் கால் இருக்கும். ஆள் குறைந்த நாளில், "நீ ஊரில் ஓட்டியவன்தானே" என்று புதியவரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு, கவிழ்ந்தபின் சாரதியின் கவனக்குறைவு என்று எழுதுவதை நாம் ஏற்கமாட்டோம்.

இறக்கத்தில் ஓட்டும் பயிற்சி வேலை நேரத்தில், சம்பளத்துடன் தரப்பட வேண்டும். பிரேக் பிடிக்காத வண்டியை எடுக்க மறுப்பவர்மீது நடவடிக்கை கூடாது. பெட்டியில் ஆட்களை ஏற்றவே கூடாது. அக்காமாரே, லயத்துக்கு நடை தூரம்தான், தெரியும். அதற்கு ஒழுங்கான வாகனம் கேட்போம். வேலையில் காயம்பட்டால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அன்றைக்கே தோட்டத் தலைவரிடம் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள்.